ஊன்றுகட்டையிலிருந்து ஒன்பது பேனா

நம் பேனாப் பட்டறையில், பாகங்களை அழுத்திப் பொருத்துகிற கைப்பிரஸ்ஸுக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்பு பெயிண்டில் ஒரு வரி எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: ‘நிறுத்தச் சொல்ல ஸ்டாப் மட்டும்.’ புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று மொழி பேசுகிற பட்டறையில் எதற்கு ஒற்றை இங்கிலீஷ் வார்த்தை என்று கேட்டவர்களும் உண்டு. அதை எழுத வைத்தவள் நான்தான். ஏன் என்று வேலையில் இருந்த வரைக்கும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் மானம் கப்பலேறும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஏறினால் ஏறட்டும்.

நான் பயந்த சுபாவம். கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ரகம். அசெம்பிளி வேலைக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று பட்டறை முதலாளி சார் அடிக்கடி சொல்வார். நானும் அதை நம்பினேன். பயப்படுகிறவள் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்ப்பாள், அதனால் தப்பு நடக்காது என்று ஒரு கணக்கு. பயத்தினாலேயே செய்கிற தப்பு என்று தனியாக ஒரு வகை இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

பேனா செய்வது எப்படி என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. சார் மரத்தைக் கடைந்து பேனாவின் உடம்பை, அதாவது பேரலை, தருகிறார். அதற்குள் பித்தளைக் குழாய் ஒட்டியிருக்கும். முனை, ஸ்பிரிங், ரீஃபில், மேலே கட்டை விரலால் அழுத்துகிற கிளிக் பகுதி எல்லாம் செட்டாக வெளியிலிருந்து வருகின்றன. அந்தக் கிளிக் பகுதியை நாம் ‘தலை’ என்கிறோம். தலை குழாய்க்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். நம் பிழைப்பு முழுவதும் அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது.

ஒரு வருஷம் வந்த செட்டுகளில் தலையெல்லாம் தொளதொளவென்று இருந்தது. பார்வைக்குத் தெரியாது. பிரஸ்ஸில் அழுத்தும்போது கொஞ்சம் சுலபமாக இறங்கும், அவ்வளவுதான். தர்மபுரியில் ஒரு வாத்தியார் நம் பேனாவைத் திருப்பி அனுப்பினார். பேனா ஒரு கவரில், தலை தனியாக ஒரு தீப்பெட்டியில், கூடவே ‘கழன்று விட்டது’ என்று ஒரு துண்டுச் சீட்டு. திட்டியிருந்தால் கூட ஆறியிருப்பேன். அந்த இரண்டு வார்த்தையை நினைத்து நினைத்து ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு வைத்தியம் எங்களுக்குத் தெரியும். தலையின் கழுத்தில் நாலு பக்கமும் பஞ்ச் என்கிற ஊசிமுனை இரும்புக் கருவியால் மெல்லத் தட்டினால் சின்னச் சின்ன மேடுகள் கிளம்பும். அந்த மேடுகள் குழாயைக் கவ்விக்கொள்ளும். பசையே வேண்டாம். ஆனால் ஒரு தலைக்குப் பத்து நிமிஷம் ஆகும், அடி கொஞ்சம் கூடினால் கழுத்து நசுங்கும். இன்னொரு வழி, ஒரு சொட்டு உடனடிப் பசை. அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். பசை கிளிக்குக்குள் இறங்கினால் பேனா செத்துப்போகும் என்பதால் அதைத் தொடவே கூடாது என்று நம் பட்டறையில் சட்டம். சட்டம் போட்டவளும் நான்தான். சிரிக்காதீர்கள்.

அந்தச் சமயத்தில் வந்தவர்தான் முருகேசன். சூளகிரிக்குப் பக்கத்தில் ஹைவேயில் லாரி மோதி இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. மூன்று வருஷம் கக்கத்தில் கட்டை வைத்து நடந்தவர். இப்போது செயற்கைக் கால் பொருத்தி, பேண்ட் போட்டால் தெரியாத அளவுக்கு நடக்கிறார். கட்டை ஜோடியில் ஒன்றை ஆஸ்பத்திரியிலேயே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். மிச்சமிருந்த ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல பேனா பண்ணித் தருவீங்களா?" என்றார். "என்னை நடக்க வச்சவங்க ஒம்போது பேருக்குக் குடுக்கணும். டாக்டர் இருக்காரு, ஆம்புலன்ஸ் ஓட்டினவரு இருக்காரு, ரோட்ல கெடந்தவன மொதல்ல தூக்கின டீக்கடக்காரரு இருக்காரு. கிளிக் பேனாவா இருக்கணுங்க."

மூடி போட்ட பேனாதான் பார்வையாக இருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு கையில கட்டை இருக்கும். மூடியக் கழட்ட இன்னொரு கைக்கு எங்கங்க போறது? மூணு வருஷம் நான் கிளிக் பேனாதான் வச்சிருந்தேன்" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணு வேண்டாமா?"

"எனக்கெதுக்குங்க. அதைத்தான் மூணு வருஷம் கக்கத்துல வச்சிக்கினு திரிஞ்சனே."

ஊன்றுகட்டையில் மரம் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள். உயரத்தைக் கூட்டிக் குறைக்க நெடுக ஓட்டை போட்டிருப்பார்கள். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் அறுத்து, ஆணி பட்ட இடத்தைத் தள்ளி, சார் ஒன்பது துண்டு எடுத்தார். ஒன்பதுக்கு மேல் ஒன்றுகூடத் தேறவில்லை. மேல்பக்கத்துத் துண்டுகள் வியர்வை குடித்துக் கறுத்திருந்தன. அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுக்க வேண்டாம் என்று முருகேசன் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியில் கால் பொருத்திக்கொண்டவர்களெல்லாம் கூடுகிறார்கள். ஒன்பது பேரும் அங்கே இருப்பார்கள். காலையில் பதினோரு மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் ஒன்பது பேரலும் பாலிஷ் காய்ந்து என் கைக்கு வந்தன. நான் வீட்டுக்குப் போகிற கிருஷ்ணகிரி பஸ் நாலே முக்காலுக்கு. ஒன்பது தலைக்கும் பஞ்ச் அடிக்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். காலையில் வந்து அடிக்கலாம் என்றால், பஸ் தவறினால் என்ன ஆவது என்று பயம். அடிக்காமல் விட்டால் ஆஸ்பத்திரி மேடையில் டாக்டர் கையிலேயே தலை கழன்று விழுவதுபோல என் கண்ணுக்குள் படம் ஓடியது. தீப்பெட்டி வேறு ஞாபகத்துக்கு வந்தது.

பசை டப்பாவை எடுத்தேன். தலைக்கு ஒரு சொட்டு, கழுத்தின் வெளிப்பக்கம் மட்டும். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதையும் அழுத்திப் பார்த்தேன். டக் டக்கென்று அத்தனையும் வேலை செய்தன. பரிசோதனை மேஜையில் ரத்னம்மாவும் பார்த்து டிக் அடித்தாள். ஒன்பதையும் பெட்டியில் அடுக்கி மூடினேன். டெலிவரி ரெஜிஸ்டரில் ‘9 பேனா’ என்று எழுதி வைத்துவிட்டு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு மனசு கேட்காமல் பெட்டியைத் திறந்தேன். முதல் பேனாவை அழுத்தினேன். இறங்கவே இல்லை. இரண்டாவது இறங்கியது, திரும்ப வரவில்லை. ஐந்து பேனா கல்லாகக் கிடந்தது. பசையின் ஆவி மூடிய பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி உள்ளே போய் ஸ்பிரிங்கெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பின்பக்கம் ஓட வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது ரத்னம்மா அந்தப் பேனாக்களை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாள். அவள் வேப்பனப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்கு. "நேத்து நான்தானேக்கா பாத்து விட்டேன்? எல்லாம் நல்லாதானே இருந்துச்சி?" என்றாள். நான்தான் பசை வைத்தேன் என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிஷத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு பேனா நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இன்று ஓடுவது நாளைக்கு டாக்டர் பாக்கெட்டில் நின்றுபோகலாம். ஒன்பதையும் கழற்றியாக வேண்டும். தலையைச் சூடுகாட்டிப் பசையை இளக்கி, பேரலைத் தலைகீழாகக் குழி போட்ட ஒரு தாங்குகட்டையில் நிறுத்தி, குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு மேலிருந்து பிரஸ்ஸால் அழுத்தினால் தலை கீழே விழும். பேரல் நேராக நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் கம்பி மரத்தைப் பிளந்துவிடும்.

பிரஸ்ஸில் பத்மா நின்றாள். தளி ஊர்க்காரி, வீட்டில் கன்னடம். கை அவ்வளவு நிதானம். பேரலைப் பிடிக்க ரத்னம்மா. பிடிக்கிறவள் ‘ஒத்து’ என்றால்தான் பிரஸ்காரி அழுத்த வேண்டும் என்பது நம் வழக்கம். ஒத்து என்றால் கன்னடத்தில் அழுத்து. தமிழ்க்காரர்களான நாங்களும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம்.

ஆறு பேனா சுத்தமாகக் கழன்றன. மணி ஒன்பதே முக்கால். கழன்றதையெல்லாம் ஊதிச் சுத்தம் செய்ய நான் கம்ப்ரசரைப் போட்டேன். அது ஓடினால் பட்டறையில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. அதை அணைத்துவிட்டுச் செய்திருக்கலாம். எனக்குத் தலைக்குள் கடிகாரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று இரண்டு பேரையும் பிடித்து நெருக்கிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது பேனாவில் தாங்குகட்டை கொஞ்சம் நகர்ந்தது. பேரல் சாய்வதை ரத்னம்மா பார்த்துவிட்டாள். "வத்து! வத்து!" என்று கத்தினாள்.

தெலுங்கில் ‘வத்து’ என்றால் வேண்டாம். கன்னடக்காரர்கள் வாயில் ‘ஒத்து’ பாதி நேரம் ‘வொத்து’ என்றுதான் வரும். எழுதிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. கம்ப்ரசர் சத்தத்தில் காதில் விழுந்தபோது பத்மாவுக்கு ஒன்றுதான். அதுவும் இரண்டு தடவை கேட்டதால், பலமாக அழுத்தச் சொல்கிறாள் என்று நினைத்து முழுக் கையையும் போட்டு இழுத்தாள்.

மரம் பிளந்த சத்தம் கம்ப்ரசரையும் மீறிக் கேட்டது.

நான் முதலில் ரத்னம்மாவின் விரலைத்தான் பார்த்தேன். விரல் தப்பித்திருந்தது. அப்புறம் பேனாவைப் பார்த்தேன். பார்த்ததும் விரலை மறந்துவிட்டேன். நெடுக விரிசல் ஓடி, ஒரு பக்கம் பட்டையாகப் பெயர்ந்து, உள்ளே பித்தளை தெரிந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. "ரெண்டு பேருக்கும் காது இல்லையா? அறிவில்லையா? கண்ணு எங்க இருந்துச்சி?" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"அவதான்க்கா ஒத்து ஒத்துன்னு சொன்னா" என்றாள் பத்மா.

"நான் வத்துன்னு சொன்னேன்" என்றாள் ரத்னம்மா. அவளுடைய கை இன்னும் அந்தத் தாங்குகட்டையிலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் சொன்னது உண்மை. மூன்றாவதாக ஒரு உண்மை இருந்தது, அது என்னிடம் இருந்தது. பசை வைத்தவள், கம்ப்ரசரைப் போட்டவள், சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டியவள், இப்போது கத்துகிறவள் எல்லாம் ஒரே ஆள்தான். கம்ப்ரசரை அணைத்தேன். "பசை வச்சது நான்தான். நேத்து பஸ்ஸுக்கு ஓடணும்னு வச்சேன். உங்க மேல தப்பில்ல" என்றேன். ரத்னம்மா அழுதுவிட்டாள். பத்மா போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பிரஸ்ஸில் நின்றாள். இன்னும் இரண்டு பேனா கழற்ற வேண்டியிருந்தது. அதன்பிறகும் அந்தக் கைப்பிடியைத் தொட்டாளே, அந்தத் துணிச்சலுக்கு நான் இன்றுவரை அவளிடம் நன்றி சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

மிச்சக் கட்டைத் துண்டுகளையெல்லாம் கொட்டித் தேடினேன். ஓட்டை இல்லாத துண்டு இரண்டு விரல் நீளத்துக்குமேல் ஒன்றுகூட இல்லை. சார் அன்று பெங்களூரில் இருந்தார். போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "கடைஞ்சு வச்ச தேக்கு பேரல் ஒண்ணு இருக்குல்ல, கிட்டத்தட்ட அதே கலர். அதைப் போட்டுக் குடுத்துடும்மா. யாருக்குத் தெரியப்போவுது" என்றார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். பதற்றத்தில் எல்லாருக்கும் தோன்றுகிற யோசனைதான். அந்தத் தேக்கு பேரலை எடுத்து வந்து மற்ற எட்டோடு வரிசையில் வைத்துப் பார்த்தேன். என்னாலேயே சட்டென்று கண்டுபிடிக்க முடியவில்லை. கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். ஆம்புலன்ஸ் டிரைவர் அதைப் பாக்கெட்டில் குத்திக்கொண்டு, இது முருகேசன் கக்கத்தில் இருந்த கட்டை என்று பத்துப் பேரிடம் காட்டிக்கொண்டிருப்பார். எனக்கு மட்டும் தெரியும். ஒரு சொட்டுப் பசையை மறைத்த வயிறு அன்று காலையிலிருந்து என்னை என்ன பாடு படுத்தியது என்று பார்த்துவிட்டேன். இதையும் வைத்துக்கொண்டு காலம் முழுக்க இருக்க என்னால் ஆகாது. தேக்கைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள், பயம்தான்.

எட்டு பேரலுக்கும் புதுத் தலை எடுத்து மூன்று பேரும் உட்கார்ந்து பஞ்ச் அடித்தோம். எட்டாவது தலையை அழுத்தி முடித்தபோது வாசலில் வண்டி சத்தம் கேட்டது.

முருகேசன் முன்னால் வந்தார். வண்டி ஓட்டிக்கொண்டு வந்தது அவர் மனைவி. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் முருகேசனை உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்வதற்குள்ளேயே சொல்லத் தொடங்கிவிட்டேன், தாமதித்தால் மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று பயம். பசை வைத்தது, ஒட்டிக்கொண்டது, பிளந்தது, எல்லாம். உடைந்ததையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவர் கோபப்பட்டார். படாமல் என்ன செய்வார்? "ஒம்போதுன்னு சொல்லித்தானே குடுத்தேன்? நாளைக்குச் செஞ்சி தர்றேன்னுகூட உங்களால சொல்ல முடியாது. இன்னொரு கட்டைக்கு நான் எங்க போவேன்?" என்றார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். ஒன்பது பேரின் பெயரை எழுதி வைத்திருந்த பட்டியல். அதை என் முன்னால் விரித்து வைத்தார். "யாருக்கு இல்லன்னு சொல்றது? நீங்களே ஒரு பேர அடிங்க."

பட்டியலைப் பார்த்தேன். டாக்டர், இரண்டு நர்ஸ், நடக்கப் பழக்கின பெண், கால் செய்து கொடுத்தவர், ஆம்புலன்ஸ் டிரைவர், டீக்கடைக்காரர், வேலையை விட்டு எடுக்காமல் வைத்திருந்த சூப்பர்வைசர். கடைசியில் தேன்மொழி என்று வெறும் பெயர். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை நீளவில்லை.

வாசலில் இருந்து அந்த அம்மா உள்ளே வந்தார். பட்டியலை ஒரு தடவை பார்த்தார். "என் பேர அடிச்சிடுங்க" என்றார் கணவரிடம். "எனக்கெதுக்குப் பேனா? நான் எங்க எழுதப் போறேன்?"

முருகேசன் அவரை நிமிர்ந்து பார்த்தார். கடைசிப் பெயரின்மேல் கோடு போட்டார். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தேன்.

முருகேசன் எட்டுப் பேனாவையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜிஸ்டரில் கையெழுத்து வேண்டும் என்றேன். இரண்டு கையிலும் பேனா இருந்ததால் மனைவியிடம் தலையை ஆட்டினார். நான் ரெஜிஸ்டரையும் நூலில் கட்டியிருந்த பேனாவையும் தேன்மொழியிடம் நகர்த்தினேன்.

அவர் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு சுழி சுழித்து மை வருகிறதா என்று பார்த்தார். பிறகு வரியைப் படித்தார். நான் வெள்ளிக்கிழமை எழுதி வைத்திருந்த 9ஐ ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் 8 என்றும் அடைப்புக்குறிக்குள் எட்டு என்றும் எழுதினார். அடித்த இடத்தில் ஒரு சின்னக் கையெழுத்து, கீழே தேதி போட்டு முழுக் கையெழுத்து. அச்சடித்ததுபோல அவ்வளவு நேர்த்தியான எழுத்து. திருத்தின இடத்தில் தனியாகக் கையெழுத்து போட வேண்டும் என்பது இத்தனை வருஷம் ரெஜிஸ்டர் எழுதிய எனக்கே அன்றுதான் தெரியும்.

"இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரி ஃபாரம், இன்சூரன்ஸ் ஃபாரம், கோர்ட்டு பேப்பரு" என்றார், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. "மூணு வருஷமா எல்லாத்தையும் நான்தானேக்கா எழுதினேன்."